புதிய நாட்டில் மருத்துவம் பெறுதல்: புலம்பெயர்ந்தோருக்கு வழிகாட்டுவது எப்படி?

புதிய நாடொன்றில் குடியேறும் ஒருவர் நோயைப் பற்றி எதுவும் அறியாதவராக வந்து இறங்குவதில்லை. தமக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது, எப்போது மூச்சு வாங்கும், எப்போது தலை சுற்றும் என்பதையெல்லாம் பல ஆண்டுகளாகத் தம் உடம்போடு வாழ்ந்து அறிந்தவர் அவர். அவருக்குத் தெரியாதது அந்த நாட்டு மருத்துவ அமைப்பின் நடைமுறைதான். முதலில் யாரைப் பார்க்க வேண்டும், யாருடைய கடிதம் இல்லாமல் யாரைப் பார்க்க முடியாது, செலவை யார் ஏற்பார்கள், நள்ளிரவில் காய்ச்சல் ஏறினால் எந்த எண்ணை அழைப்பது என்பவை அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே பழகிய செய்திகள். பழகிப்போனதாலேயே அவற்றைப் பிறருக்குச் சொல்லித்தர வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இந்த இடைவெளியை நிரப்பும் பணியை ‘நோயாளர் வழிகாட்டல்’ என்கிறோம். அதைக் குடும்பத்தினரோ நண்பரோ தன்னார்வலரோ எப்படிச் செய்யலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இப்பணிக்கு ஒரு வரலாறு உண்டு. நியூயார்க் நகரின் ஹார்லெம் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த ஹரால்ட் ஃப்ரீமன் 1990இல் இதை முறையான திட்டமாகத் தொடங்கினார். மார்பகப் புற்றுநோயோடு அவரிடம் வந்த ஏழைப் பெண்கள் பலர் நோய் முற்றிய பிறகே வந்தார்கள். சிகிச்சை இல்லாமல் போனதல்ல அதற்குக் காரணம். பணமின்மையும், படிவங்களும், அச்சமும், அடுத்து எங்கே போவது என்று தெரியாத குழப்பமும் அவர்களை வழியிலேயே நிறுத்திவிட்டன. கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ பரிசோதனை செய்துகொள்ள வழி செய்ததோடு, ஒவ்வொருவருக்கும் கூடவே இருந்து வழிகாட்ட ஒருவரையும் அவர் அமர்த்தினார். 1986 வரையிலான 22 ஆண்டுகளில் அங்கு சிகிச்சை பெற்ற மார்பகப் புற்றுநோயாளிகளில் ஐந்தாண்டுகள் உயிர் வாழ்ந்தவர்கள் 39 விழுக்காட்டினர். 1995 முதல் 2000 வரை சிகிச்சை பெற்றவர்களிடையே அது 70 விழுக்காடாக உயர்ந்தது. சொந்த ஊரில், சொந்த மொழி பேசும் மருத்துவமனையிலேயே வழிகாட்டி இவ்வளவு தேவைப்பட்டார் என்றால், மொழியும் சட்டமும் புதிதாக இருக்கும் ஒருவருக்கு எவ்வளவு தேவைப்படுவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உதவ முன்வருபவர்கள் பெரும்பாலும் ‘இங்கே நல்ல மருத்துவர் யார்?’ என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு: இந்த நாட்டில் சிகிச்சைக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? நோயாளி முதலில் தட்ட வேண்டிய கதவு எது?

பிரிட்டன், நெதர்லாந்து, நார்வே போன்ற நாடுகளில் அந்த முதல் கதவு குடும்ப மருத்துவர். இதய மருத்துவரையோ தோல் மருத்துவரையோ பார்க்க வேண்டுமானால் அவசரம் அல்லாத நிலையில் குடும்ப மருத்துவரின் பரிந்துரை வேண்டும். விரும்பிய சிறப்பு மருத்துவரிடம் நேராகச் சென்று பழகியவருக்கு இது தம்மைத் தடுத்து நிறுத்துவதாகவே தோன்றும். அந்தக் கோபத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. குடும்ப மருத்துவர் என்பவர் காய்ச்சலுக்கு மட்டும் மருந்து தருபவர் அல்லர் என்பதையும், பழைய நோய்கள், தடுப்பூசிகள், பரிசோதனை முடிவுகள் ஆகிய அனைத்தும் அவரிடமே ஒன்று சேர்கின்றன என்பதையும் பொறுமையாக விளக்கினால் மனத்தாங்கல் குறையும். இங்கிலாந்தில் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்ய அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ குடிவரவு ஆவணமோ கட்டாயமில்லை. இதை அறியாமல், கையில் காகிதம் இல்லை என்பதற்காகவே பதிவு செய்யாமல் இருந்துவிடுபவர்கள் உண்டு. பதிவை உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்து வைத்துக்கொள்வதுதான் வழிகாட்டி சொல்லித்தர வேண்டிய முதல் பாடம்.

ஜெர்மனியில் காப்பீடுதான் முதலில். 1883இல் சட்டமாகிய நோய்க் காப்பீட்டிலிருந்து வளர்ந்த அமைப்பு அது. இன்று அங்கு வாழ்பவர்கள் ஏதேனும் ஒரு காப்பீட்டில் சேர்ந்தே இருக்க வேண்டும். கனடாவில் மாகாண அரசே காப்பீடு தருகிறது. ஆனால் 1984ஆம் ஆண்டின் கனடா நலவாழ்வுச் சட்டம், புதிதாக வந்தவர்களை மூன்று மாதம் வரை காத்திருக்க வைக்க மாகாணங்களுக்கு இடம் தருகிறது. எல்லா மாகாணங்களும் அப்படிச் செய்வதில்லை என்றாலும், செய்யும் மாகாணத்தில் இறங்குபவர் இடைக்காலத்துக்குத் தனியார் காப்பீடு எடுத்துக்கொண்டு வர வேண்டும். அமெரிக்காவில் நிலைமை இன்னும் சிக்கலானது. வேலை வழியாக வரும் காப்பீடு, சொந்தமாக வாங்கும் காப்பீடு, முதியோருக்கும் வருமானம் குறைந்தோருக்கும் அரசு தரும் காப்பீடு என்று பல உண்டு. எதற்கு யார் தகுதியானவர் என்பது விசா வகையையும் வாழும் மாநிலத்தையும் பொறுத்தது. பிள்ளைகளோடு வாழ வந்து சேரும் பெற்றோர் இதில் அடிக்கடி ஏமாற்றம் அடைகிறார்கள். அந்நாட்டில் உழைத்து வரி செலுத்திய கணக்கு இல்லாத முதியவர் ஒருவர், நிரந்தர வதிவுரிமை பெற்று 65 வயதைக் கடந்திருந்தாலும், ஐந்தாண்டுகள் தொடர்ந்து அங்கு வாழ்ந்த பிறகே மாதக் கட்டணம் செலுத்தி, முதியோருக்கான அரசுக் காப்பீடாகிய மெடிகேரில் சேர முடியும்.

இவ்விடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று உள்ளது. முன்னரே வந்து குடியேறியவர்கள் நல்லெண்ணத்தோடு தரும் தகவல்கள் பல நேரம் காலாவதியானவை. அவர்கள் வந்தபோது இருந்த விதி இன்று மாறியிருக்கும். அவர்கள் வந்த விசா வேறு, இவர் வந்த விசா வேறாக இருக்கும். ஆகவே, ‘எனக்குக் கிடைத்தது, உங்களுக்கும் கிடைக்கும்’ என்று சொல்வதை விட்டுவிட்டு, அரசின் அதிகாரப்பூர்வ இணையப் பக்கத்தைத் திறந்து இருவரும் சேர்ந்து படிப்பதே பாதுகாப்பானது. மருத்துவமனைக்குப் போனால் குடிவரவுத் துறைக்குத் தகவல் போய்விடும் என்ற அச்சம் இருப்பவர்களிடமும் வெறும் ஆறுதல் சொல்லிப் பயனில்லை. அந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை இலவச சட்ட உதவி மையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும்.

அவசரம் எது, அவசரம் அல்லாதது எது என்பதில் ஏற்படும் குழப்பம் இருபுறமும் ஆபத்தானது. நெஞ்சு வலியைச் செலவுக்கு அஞ்சிப் பொறுத்துக்கொள்பவர்களும் உண்டு. சளிக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் ஓர் இரவு முழுவதும் காத்திருப்பவர்களும் உண்டு. நெஞ்சை அழுத்தும் வலி, முகம் ஒரு பக்கம் கோணுதல், திடீரெனப் பேச்சுக் குழறுதல், ஒரு கையோ காலோ செயலிழத்தல், கடும் மூச்சுத்திணறல், நிற்காத இரத்தப்போக்கு ஆகியவற்றுக்கு யோசிக்காமல் அவசர எண்ணை அழைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112, பிரிட்டனில் 999, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000. எண்கள் ஏமாற்றவும் கூடும்: நியூசிலாந்தில் 111 அவசர எண், இங்கிலாந்திலோ அதே 111, அவசரம் அல்லாத நேரத்தில் ஆலோசனை கேட்பதற்கான எண். ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு இடம் மாறியவர் பழைய எண்ணையே மனத்தில் வைத்திருந்தால் பொன்னான நிமிடங்கள் வீணாகும். ‘எனக்கு ஆம்புலன்ஸ் வேண்டும்’ என்ற வாக்கியத்தையும் தம் முழு முகவரியையும் அந்நாட்டு மொழியில் சொல்லக் குடும்பத்தில் எல்லோரும் பழகியிருக்க வேண்டும். முதியவர் தனியாக இருக்கும் வீட்டில் அதைத் தமிழ் எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு அருகில் ஒட்டி வைக்கலாம்.

அவசர சிகிச்சைப் பிரிவில் வந்த வரிசைப்படி அழைக்க மாட்டார்கள். ஒரு செவிலியர் முதலில் பார்த்து, யாருடைய நிலை மோசமோ அவரை முன்னே அனுப்புவார். இது தெரியாதவர்கள், தமக்குப் பின்னால் வந்தவர் உள்ளே போவதைப் பார்த்து, நாம் வெளிநாட்டவர் என்பதால் ஒதுக்குகிறார்கள் என்று மனம் நொந்து எழுந்து போய்விடுகிறார்கள். பாகுபாடு எங்குமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆயினும் இந்த முறையை முன்கூட்டியே விளக்கியிருந்தால், போகக் கூடாத நேரத்தில் எழுந்து போவதையாவது தடுக்கலாம். காத்திருக்கும்போது வலி கூடினாலோ மயக்கம் வந்தாலோ மறுபடியும் செவிலியரிடம் சென்று சொல்ல வேண்டும். சொல்லாமல் அமர்ந்திருப்பதை அங்கு யாரும் பொறுமை என்று எடுத்துக்கொள்வதில்லை, நிலைமை மாறவில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இந்த முழு விஷயத்திலும் மிகுதியான தீங்கு நேரும் இடம் மொழி என்பது என் உறுதியான கருத்து. வீட்டில் ஆங்கிலமோ பிரெஞ்சோ ஜெர்மனோ நன்றாகப் பேசுபவர் மகனோ மகளோதான். எனவே அவரையே அழைத்துச் சென்றுவிடுகிறோம். அந்த அறையில் நடப்பதைச் சற்று உற்றுக் கவனியுங்கள். மருத்துவர் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். தாய், இரவில் படுத்தால் மட்டும் வருவதையும், இடது தோளுக்கு ஏறுவதையும், மூன்று நாளாகச் சாப்பாடு இறங்காததையும் விரிவாகச் சொல்கிறார். மகன் மருத்துவரிடம், ‘அவருக்கு வயிற்று வலி’ என்கிறான். மருத்துவர் மாதவிடாய் பற்றியோ இரத்தப்போக்கு பற்றியோ கேட்டால் மகன் கூசுகிறான். அவன் கேட்டாலும் தாய் அவன் முன்னால் வாய் திறப்பதில்லை. கெட்ட செய்தி வந்தால் அவன் அதைத் தாயிடம் சொல்லாமல் விழுங்கிவிடுகிறான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று தன் தாயின் நோயை முதலில் தானே கேட்டு, பிறகு தன் வாயாலேயே அவரிடம் சொல்ல நேர்வதைப் போன்ற கொடுமை வேறில்லை.

தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவது பல நாடுகளில் சலுகையல்ல, உரிமை. அமெரிக்காவில் அரசு நிதி பெறும் மருத்துவமனைகளுக்கு 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டமும், 2010ஆம் ஆண்டின் மருத்துவச் சீர்திருத்தச் சட்டமும் இந்தக் கடமையை விதிக்கின்றன. உயிர் ஆபத்தான அவசரம் தவிர, சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்கவும் கூடாது. ஆஸ்திரேலியாவில் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையை 131 450 என்ற எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் அழைக்கலாம். இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுச் சேவையில் நோயாளியிடம் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் நேரில் போய் நின்ற பிறகு கேட்டால் ஆள் கிடைப்பது கடினம். முன்பதிவு செய்யும்போதே ‘தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்’ என்று சொல்லி, அதைக் குறித்துக்கொண்டார்களா என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் நம் சமூகத்தவராக இருந்தால் செய்தி வெளியே போய்விடுமோ என்ற தயக்கம் பலருக்கு, குறிப்பாக மனநலம், கருத்தரிப்பு, குடும்ப வன்முறை ஆகியவற்றைப் பேச வேண்டியவர்களுக்கு உண்டு. அவர்கள் இரகசியம் காக்கும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்கள் என்பதைச் சொல்லலாம். அதோடு, வேறு நகரத்திலிருந்து தொலைபேசி வழியே மொழிபெயர்ப்பவரைக் கேட்கலாம், பெண் வேண்டுமென்றால் பெண்ணைக் கேட்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். அறைக்குள் நோயாளி மருத்துவரைப் பார்த்தே பேச வேண்டும்; இரண்டு மூன்று வாக்கியம் பேசி நிறுத்தினால் எதுவும் விடுபடாது. மகனோ மகளோ கூட வரலாம். அப்போது அவர் மொழிபெயர்க்கும் சுமையின்றிப் பிள்ளையாகவே அமர்ந்து தாயின் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது மருந்தும் காகிதமும். புறப்படுவதற்கு முன்னால் பழைய அறிக்கைகள், தடுப்பூசிச் சான்று, மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகலை எடுத்து வைத்துக்கொள்வது எல்லோரும் சொல்வதுதான். பலரும் சொல்லாதது, மருந்தின் வணிகப் பெயரோடு அதன் மூலப்பெயரையும், அதாவது அதிலுள்ள மருந்துப் பொருளின் பெயரையும், எழுதி வைக்க வேண்டும் என்பது. வணிகப் பெயர் எல்லை தாண்டினால் யாருக்கும் புரியாது. மூலப்பெயரும் சில வேளை மாறும்: பல நாடுகளில் பாராசிட்டமால் என்பதே அமெரிக்காவில் அசிட்டமினோஃபென், ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் அங்கே அல்பியூட்டரால். ஊரிலிருந்து கொண்டு வந்த காய்ச்சல் மாத்திரையையும் அங்கே வாங்கிய வலி மாத்திரையையும் வெவ்வேறு மருந்து என்று எண்ணி ஒருவர் இரண்டையும் விழுங்கினால், ஒரே மருந்தை இரு மடங்கு எடுத்துக் கல்லீரலைக் கெடுத்துக்கொள்வார். எல்லா மருந்தையும் எல்லா நாட்டுக்கும் கொண்டு போகவும் முடியாது. சூடோஎஃபெட்ரின் பத்து விழுக்காட்டுக்கு மேல் உள்ள சளி மருந்தை ஜப்பானுக்குள் கொண்டு வரத் தடை உண்டு. மூலிகை மருந்து எடுப்பவர், மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்று அதை மறைக்கக் கூடாது. இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் போன்ற மருந்துகளோடு சில மூலிகைகள் மோதும்.

எண்களும் அலகு மாறி வரும். இரத்தச் சர்க்கரை 126 என்று படித்துப் பழகியவருக்குப் புதிய அறிக்கையில் 7 என்று இருக்கும். சிலர் சர்க்கரை இறங்கிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டும் ஒரே அளவுதான். புதிய எண்ணை 18ஆல் பெருக்கினால் பழைய எண் வரும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையில் 7 விழுக்காடு என்பது பிரிட்டன் அறிக்கையில் 53 என்று வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் ஃபாரன்ஹீட்டில் 100.4. காசநோய்ப் பரிசோதனையிலும் இதே போன்ற அதிர்ச்சி ஏற்படுவதுண்டு. குழந்தைப் பருவத்தில் பிசிஜி தடுப்பூசி போட்டவர்களுக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை, நோய்த் தொற்று இல்லாதபோதும் இருப்பதாகக் காட்டக்கூடும். பிசிஜி போட்டதை முன்கூட்டியே சொன்னால், அத்தடுப்பூசியால் பாதிக்கப்படாத இரத்தப் பரிசோதனையை மருத்துவர் தேர்ந்தெடுக்கலாம்.

பணத்தைப் பற்றிய பேச்சு, அரசே பெரும்பகுதியை ஏற்கும் நாடுகளில் சுருக்கமாக முடியும், அமெரிக்காவில் முடியாது. அங்கு காப்பீடு இருந்தாலும் ஆண்டுதோறும் ஒரு தொகை வரை நோயாளியே முழுதும் கட்ட வேண்டும். அதற்கு மேல் ஒரு பங்கைக் கட்ட வேண்டும். நோயாளி கட்டும் தொகை ஆண்டு உச்சவரம்பை எட்டிய பிறகே காப்பீட்டு நிறுவனம் ஏற்புடைய செலவு முழுவதையும் ஏற்கும். முதல் தொகை 1,000 டாலர், அதற்குப் பிறகு நோயாளியின் பங்கு 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டின் முதல் சிகிச்சைக்கு 3,000 டாலர் ஆனால், அவர் முதலில் 1,000 டாலரும், எஞ்சிய 2,000இல் 400 டாலரும் ஆக 1,400 டாலர் கட்டுவார். இதுவும் காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவரிடம் போனால்தான். சிகிச்சைக்குப் பிறகு வீட்டுக்கு வரும் முதல் கடிதம் பெரும்பாலும் கட்டணச் சீட்டே அல்ல, செலவு எப்படிப் பங்கிடப்பட்டது என்ற விளக்கம் மட்டுமே. ‘இது கட்டணச் சீட்டு அல்ல’ என்று அதிலேயே எழுதியிருந்தும், பெரிய எண்ணைப் பார்த்து அஞ்சி உடனே பணம் அனுப்புபவர்கள் உண்டு. மருத்துவமனையிலிருந்து உண்மையான சீட்டு வரும் வரை காத்திருந்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகக் காட்டும் கணக்கைக் கேட்க வேண்டும். லாப நோக்கற்ற மருத்துவமனைகள் வருமானம் குறைந்தோருக்கு நிதியுதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆனால் பெரும்பாலும் நாம் கேட்டால்தான் அதைப் பற்றிப் பேச்சே எழும். அவசர சிகிச்சையைப் பொறுத்தவரை, பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரிசோதித்து உயிராபத்தைத் தணிக்க வேண்டும் என்பது 1986 முதல் அங்குள்ள சட்டம். பிறகு கட்டணச் சீட்டு வரும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வழிகாட்டிக்கும் எல்லை உண்டு. இந்த மாத்திரை எடு, அந்த அறுவை வேண்டாம் என்று சொல்வது அவர் வேலையல்ல. அறையில் கேட்டதை வேறு யாரிடமும், நோயாளியின் கணவரிடமோ மனைவியிடமோகூட, அனுமதியின்றிச் சொல்லக் கூடாது. சில கேள்விகளை மருத்துவர் நோயாளியிடம் தனியாகக் கேட்க விரும்பினால் தயங்காமல் வெளியே வந்துவிட வேண்டும். வீட்டில் அடி வாங்கும் ஒருவருக்கு அந்தச் சில நிமிடங்களே வாய் திறக்கக் கிடைக்கும் நேரமாக இருக்கலாம். வெளியே வந்ததும் ‘புரிந்ததா?’ என்று கேட்பதில் பயனில்லை. எவரும் ‘புரிந்தது’ என்றே சொல்வார்கள். மருந்தை எப்போது, எத்தனை நாள் எடுக்க வேண்டும், எந்த அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும், பரிசோதனை முடிவை யார் எப்போது சொல்வார்கள் என்பதை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். எங்கே தடுமாறுகிறாரோ அதை அப்போதே திரும்பிச் சென்று மருத்துவரிடம் கேட்டுவிடலாம். முடிவு வரவில்லை என்றால் எல்லாம் நலம் என்று பொருள்கொள்ளக் கூடாது, அழைத்துக் கேட்க வேண்டும் என்பதும் இதில் சேரும்.

அடுத்த முன்பதிவை அவரே செய்யட்டும். முதலில் தயக்கம் இருக்கும். அருகில் அமர்ந்துகொண்டு, அவர் பேசுவதற்கு வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். எழுத்துக்கூட்டலோடு பெயர்; பிறந்த தேதி (மாதத்தை எண்ணால் சொல்லாமல் பெயரால் சொல்ல வேண்டும், ஏனெனில் 4/7 என்பது ஒரு நாட்டில் ஜூலை, மற்றொரு நாட்டில் ஏப்ரல்); காப்பீட்டு அல்லது பதிவு எண்; எதற்காகப் பார்க்க வேண்டும் என்று ஒரே வாக்கியம்; தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்ற வேண்டுகோள். அழைப்பு முடியும் முன், அவர்கள் சொன்ன நாளையும் நேரத்தையும் அவர் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.